படிக்கல்லுக்குப் படிக்கல் யார்?

திருகோணமலை மீன் சந்தையில் ஒரு தராசில் இரண்டு கிலோ நின்ற அறுக்குளா அடுத்த தராசில் ஐம்பது கிராம் குறைவது ஏன் என்றும், தராசைச் சரிபார்க்கும் படிக்கல்லை யார் சரிபார்க்கிறார்கள் என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முதற்கேள்விக்குத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும், இரண்டாவதுதான் சுவையானது. சந்தைப் படிக்கல்லின் வழி, நாட்டின் மூல அளவுகோலான தேசிய நியமத்தில் போய் முடிகிறது. தேசிய நியமங்களோ, 1999 இல் உருவான பரஸ்பர ஏற்பு உடன்பாட்டின்படி, ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன.

அந்த ஒப்பீட்டில் முடிவுகள் முரண்பட்டால்?

ஒரு கிலோகிராம் படிக்கல் மூன்று ஆய்வுகூடங்களுக்குச் செல்வதாகக் கொள்வோம். அது ஒரு கிலோவை விட 10 மைக்கிரோகிராம் கூட என்கிறது முதலாவது, 14 என்கிறது இரண்டாவது. இருவரும் தம் நிச்சயமின்மை 4 என்கின்றனர். மூன்றாவதோ 40 என்கிறது, நிச்சயமின்மை 2 மட்டுமே என்றும் சொல்கிறது. முடிவுகளைச் சேர்த்து இடை, அதாவது சராசரி, எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நிச்சயமின்மையின் வர்க்கத்துக்கு நேர்மாறாக முக்கியத்துவம் (நிறை) கொடுப்பதே வழமை என்பதால் மூன்றாவதன் குரல் நான்கு மடங்காகி, இடை 30.7 ஆகிவிடும், அந்த எண்ணுக்கு அருகில் ஒருவருமே இல்லை. சொல்லப்பட்ட நிச்சயமின்மைகளை மீறி முடிவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் கைவர்க்கப் பெறுமானம், 2 அளவில் இருக்கவேண்டிய இடத்தில் 66 ஐ நெருங்குகிறது.

மூன்றாவதை நீக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். ஆனால் நடத்துபவர் தன் விருப்பப்படி நீக்க விதி இடமளிப்பதில்லை. ஒப்பீட்டை நடத்தும் ஆய்வுகூடம், விலகல் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாமல், கணக்குகளை மீண்டும் பாருங்கள் என்று மட்டுமே கேட்கலாம். கூட்டத்தோடு ஒத்துப்போக எண்ணைத் திருத்தும் ஆசையை இவ்வளவு நாசூக்காக அடைக்கும் ஒரு விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எவரையும் நீக்காமலே முரண்பாட்டைச் சமாளிக்கும் வழிகள் உண்டு. பேர்ஜ் விகித முறை எல்லோருடைய நிச்சயமின்மையையும் ஒரே காரணியால், இங்கு ஏறத்தாழ 5.7 ஆல், பெருக்குகிறது. ஆனால் நிறைகளின் விகிதம் மாறாததால் இடை 30.7 இலேயே நின்றுவிடும். மண்டெல்–போல் முறை வேறுவிதமாக யோசிக்கிறது: எவரும் கணக்கில் எடுக்காத ஒரு மாறற்றிறன் (நிச்சயமின்மையின் வர்க்கம்) எல்லோரிடமும் ஒளிந்திருப்பதாகக் கொண்டு, கைவர்க்கப் பெறுமானம் 2 ஆகும்வரை அதைக் கூட்டிக்கொண்டே போகிறது. சேர்ப்பது ஏறத்தாழ 250 ஐ எட்டும்போது, அதன் முன் 16, 4 என்ற பழைய மாறற்றிறன்கள் அற்பமாகி, மூவரின் குரலும் ஏறக்குறைய சமமாகி, இடை 22 க்கு அருகே இறங்குகிறது. மூன்றாவதன் மிகைத் தன்னம்பிக்கை அதைக் குற்றஞ்சாட்டாமலேயே வலுவிழந்துவிடுகிறது. எனக்கு இந்த வழியே பிடித்தது.

ஆயினும் ஈர்ப்பு மாறிலிக்கு வந்தபோது, இயற்பியல் மாறிலிகளின் பெறுமானங்களைப் பரிந்துரைக்கும் CODATA குழுவின் 2018 ஆம் ஆண்டுப் பெறுமானத்துக்காக, பேர்ஜ் வழியைப் போலவே, ஒன்றுக்கொன்று ஒவ்வாத முடிவுகளின் நிச்சயமின்மைகள் யாவும் 3.9 ஆல் பெருக்கப்பட்டன.