சொட்டுப் பிளக்கில் ட்ரில் பிட்டை வைக்காதீர்கள்

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1929இல் அறிமுகப்படுத்திய பாண்டம் II வகைக் கார் ஒன்று அண்மையில் எங்கள் பட்டறைக்கு வந்தது. முன் அச்சின் சொட்டுப் பிளக்கை, அதாவது மூட்டுக்கு அளந்து எண்ணெய் சொட்டவிடும் சிறு முனையை, யாரோ துளையிட்டு அகலப்படுத்தியிருந்தார்கள். பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறிக்கிடக்க, ஸ்பிரிங்கை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் பின்களோ ஒரு சொட்டும் இல்லாமல் தேய்ந்திருந்தன. இதே கோலத்தில் பல வண்டிகளைப் பார்த்துச் சலித்துவிட்டதால்தான் எழுதுகிறேன்.

காலால் மிதிக்கும் ஒரே பம்பிலிருந்து குழாய்கள் வழியே வண்டியின் அடிப்பாக மூட்டுகளுக்கு எண்ணெய் அனுப்புவது பிஜூர் மசகு அமைப்பு. அதைப் பற்றிய பெரிய மூடநம்பிக்கை, எண்ணெய் வராத இடத்தில் துளையைப் பெரிதாக்கினால் போதும் என்பது. பெடலை ஒருமுறை மிதித்தால் பம்ப் தள்ளும் எண்ணெய் ஒரே அளவுதான். அதைப் பங்கிடுவது மட்டுமே பிளக்குகளின் வேலை. பிளக்கினுள் ஊசிக்கும் துளைச்சுவருக்கும் நடுவேயுள்ள மயிரிழை இடைவெளியை இரு மடங்காக்கினால் ஓட்டம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். தலைமடையை அகலமாக வெட்டிவிட்டுக் கடைமடை காய்கிறதே என்று புலம்புவதில் என்ன நியாயம்? மெல்லிய எண்ணெய் ஊற்றினால் எல்லா இடத்துக்கும் கூடுதலாகப் போகும் என்பதும் அதே தவறுதான். எண்ணெய் போய்ச் சேரும் நேரம் குறையுமே ஒழிய, பங்கு மாறாது.

மிதித்த பெடல் நிதானமாக மேலே வர வேண்டும். சட்டென்று எழுந்தால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. தடையெல்லாம் பிளக்குகளில்தான் இருப்பதால், ஒரே ஒரு கசிவு மொத்த எண்ணெயையும் விழுங்கிவிடும். பெடல் வெகுநேரம் அசையாமல் நின்றால், பிளக்குகளைத் தொடுவதற்கு முன் பம்பின் ஃபெல்ட் வடிகட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

அடைத்த பிளக்கைப் பிரிக்கவோ கம்பியால் குத்தவோ கூடாது. வெளிமுனையிலிருந்து காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளிருக்கும் ஒருவழி வால்வு கெடும். பொறித்திருக்கும் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, அதே குறியீடுள்ள புதிய பிளக்கை மாட்டுங்கள். இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றவே சுற்றாதீர்கள், அதன் துணுக்குகளைப் பிளக்கின் வாயிலிருந்து பொறுக்கியே அலுத்துவிட்டது. வேலை முடிந்ததும் முனைகளைத் துடைத்துவிட்டு, பெடலை மிதித்துக் காத்திருந்து, ஒவ்வொன்றிலும் எண்ணெய் துளிர்ப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள், தயவுசெய்து.