கொஸ்ட் எபெக்டிவ்னஸ்: செலவு விளைதிறன்

மருந்தெதிர்ப்பு (கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவது) பற்றிய அறிக்கைகளைத் தமிழாக்குபவர்கள் தடுக்கி விழுகிற சொல் இது. ஒருவர் 'சிக்கனமான' என்கிறார், இன்னொருவர் 'மலிவான' என்கிறார். இரண்டும் பிழை. மலிவு விலையை மட்டும் பார்க்கும். கொஸ்ட் எபெக்டிவ்னஸ் ஒரு விகிதம்: போட்ட காசுக்கு எவ்வளவு பலன் விளைந்தது என்று கேட்பது. விலை கூடிய வழியும் இந்தக் கணக்கில் வெல்லலாம்.

'கொஸ்ட்' பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீன் 'கொன்ஸ்தாரே'யிலிருந்து வந்தது. நிலைத்து நிற்றல் என்று பொருள். நம்முடைய செலவு, செல் என்ற வினையடியில் பிறந்தது. பழந்தமிழில் அதற்குப் பயணம் என்றே பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் 'செலவழுங்கல்' என்பார்கள். அவர்களுக்கு நிற்கிறது, நமக்குப் போய்விடுகிறது. காசின் குணத்தைத் தமிழ்தான் சரியாகப் பிடித்திருக்கிறது!

'எபெக்டிவ்' என்பதும் இலத்தீன்தான், செய்து முடிப்பது. இரண்டும் சேர்ந்த சொல் 1960களில், மக்னமாரா அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த காலத்தில் பெயர் பெற்றது. ஆயுதம் வாங்குவதற்குப் போட்ட கணக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்குள்ளும் வந்துவிட்டது.

இலங்கையில் நமக்கு ஒரு வசதி உண்டு. எபிஷியன்சி வினைத்திறன், எபெக்டிவ்னஸ் விளைதிறன் என்று முகாமைத்துவம் படித்தவர்கள் பிரித்தே எழுதுகிறார்கள். மிச்சம் 'கொஸ்ட்'தான். கணக்கீட்டுக்காரர் கிரயம் என்பார்கள். வடமொழியில் அது வாங்குதல். தொழிற்சாலைக் கணக்குக்குச் சரி. ஆனால் பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி யாழ் போதனா வைத்தியசாலைக்கு வந்து, தகப்பனின் கட்டிலடியில் இருப்பவர் இழக்கும் நாட்கூலியை யாரும் விலைக்கு வாங்கவில்லை. அதுவும் இந்தக் கணக்கில் சேரவேண்டியதுதான். ஆகவே 'செலவு விளைதிறன்' என்பதே என் தெரிவு.

இந்த இடத்தில்தான் 'யாருடைய செலவு?' என்ற கேள்வி வருகிறது. அரச வைத்தியசாலையில் நோயாளி மருந்துக்குக் காசு கொடுப்பதில்லை. அதற்காகச் செலவு பூச்சியம் ஆகிவிடாது. சாதாரண மருந்துக்கு மசியாத கிருமி என்றால் விலை கூடிய மருந்து, கூடுதல் நாட்கள் கட்டில், திரும்பத் திரும்பப் பரிசோதனை. சுகாதாரத் திணைக்களத்தின் பார்வையில் ஒரு தொகை வரும், சமூகத்தின் பார்வையில் அதைவிடப் பெரிய தொகை வரும்.

மருந்தெதிர்ப்பில் சிக்கல் இன்னும் கூட. தடிமனுக்கு, டொக்டரின் துண்டு இல்லாமல் பாமசியில் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோடிக்கை (பக்டீரியாவைக் கொல்லும் மருந்தை) வாங்குபவர் கப்சூலின் விலையை மட்டும் கொடுக்கிறார். தடிமன் வைரசால் வருவது, அதற்கு அந்தக் கப்சூல் உதவாது. ஆனால் உடம்பில் இருக்கும் பக்டீரியாக்களில் மருந்துக்குச் சாகாதவை மிஞ்சிப் பெருகும். அதன் செலவு, என்றோ ஒருநாள் சத்திரசிகிச்சைக்கு வரும் வேறொருவர் தலையில் விழும். பொருளியலில் இதைப் புறவிளைவு என்பார்கள். 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்குப் பக்டீரியாக்களின் மருந்தெதிர்ப்பு நேரடிக் காரணம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

(அன்டிபயோடிக்கை அப்படியே எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிறீனே கெமிஸ்ட்ரியைக் 'கெமிஸ்தம்' என்றுதான் எழுதினார்.)

தடுக்கும் வழிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில் பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2018இல் வெளியிட்ட அறிக்கை முக்கியமானது. வைத்தியசாலையில் கை கழுவுதல், அன்டிபயோடிக்கை அளந்து எழுதுதல், பக்டீரியாவா வைரசா என்று விரைவாகச் சொல்லும் பரிசோதனை போன்றவற்றுக்கு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 2 டொலர் செலவிட்டால், மருந்தெதிர்ப்பு மரணங்களில் நாலில் மூன்றைத் தவிர்க்கலாம் என்றது அது.

கணக்கு எப்படி ஓடும்? ஒரு வைத்தியசாலை விரைவுப் பரிசோதனைக்கு மேலதிகமாக 5 இலட்சம் ரூபா செலவிட்டு, 10 பேருக்குக் கடும் தொற்று வராமல் தடுத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொற்றைத் தடுக்க 50,000 ரூபா. இதற்குப் பெயர் 'மேலதிகச் செலவு விளைதிறன் விகிதம்'. ஒரு தொற்றுக்கு வைத்தியம் பார்க்க 2 இலட்சம் போகுமென்றால், அந்தப் பரிசோதனையில் மிச்சமே பிடிக்கலாம். வைத்தியத்துக்கு 20,000 ரூபாதான் என்றால், தவிர்த்த வலிக்கும் காப்பாற்றிய உயிருக்கும் மிச்ச 30,000 ரூபாவைக் கொடுக்கத் தயாரா என்று அரசு முடிவெடுக்க வேண்டும்.