பச்சைச் சுவர் விழுங்கும் வெளிச்சம்

"ஹாலுக்கு அடர்பச்சை அடிக்க ஆசை. பெயின்டரோ, 'மணல் நிற பீஜ் அடியுங்கள், பச்சை அடித்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும்' என்கிறார். உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

உண்மைதான். பச்சை நிறமி சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிடும் என்பது பள்ளியில் படித்தது. பீஜின் நிறமியில் பெரும்பங்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெண்ணிறத் தூள்; ஒளியைச் சிதறடிப்பதே அதன் வேலை. ஆகவே வெளிர் பீஜ் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அடர்பச்சை 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

ஏழு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் ஒளி ஒரு சுவரோடு ஓய்வதில்லை. அறை முழுக்க, கூரை, தரை உட்பட, ஒரே நிறம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கிலிருந்து 100 பங்கு ஒளி பீஜில் மோதினால் 70 திரும்புகிறது. அது எதிர்ச்சுவரில் பட்டு 49, பிறகு 34, பிறகு 24. இப்படித் திரும்பியதையெல்லாம் கூட்டினால் 233! பச்சையிலோ 10, 1, அப்புறம் ஒன்றுமில்லை, மொத்தம் 11. ஏழு மடங்காக இருந்தது 21 மடங்காகிவிட்டது. மேஜைக்கு அடியில் உருண்டுபோன பேனா மூடியைத் தேடுகிறோமே, அங்கே விளக்கின் நேர்வெளிச்சம் எட்டாது. அங்கிருப்பது சுவர்கள் கைமாற்றிக் கொடுத்த ஒளி. இந்தக் கணக்கு எனக்கு எத்தனை முறை போட்டாலும் அலுப்பதில்லை.

பீஜ் அறையின் மூலையை உற்றுப் பாருங்கள். அதே டப்பா பெயின்ட்தான். ஆனால் இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் நிறம் சற்று மஞ்சளாக, அடர்த்தியாகத் தெரியும். அங்கே ஒளி பலமுறை மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் நீலம் கொஞ்சம் கூடுதலாகக் கழிகிறது. ஷேட் கார்டில் பார்த்த நிறம் வீட்டுச் சுவரில் மாறித் தெரிய இதுவும் ஒரு காரணம்.

திசை பார்த்து நிறம் சொல்பவர்களிடம் எனக்கு இதில்தான் கோபம். ஜன்னல் எவ்வளவு பெரியது என்று அவர்கள் கேட்பதே இல்லை.

பச்சை ஆசையை விட வேண்டியதில்லை. கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். ஒரு சுவருக்கு மட்டும் பச்சை அடியுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைப் பீஜுக்கு விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வரும் ஒளியை நேருக்கு நேர் வாங்குவது அந்தச் சுவர்தான்.