லாகின் செய்தபோதே முடிவாகிவிடும் அனுமதிகள்

லினக்ஸ் கணினியில் ஒரு பயனரைப் புதிய குழுவில் சேர்க்கிறோம். கட்டளை பிழையில்லாமல் ஓடிவிடுகிறது. ஆனால் அந்தக் குழுவுக்கு உரிய கோப்பை அவர் திறக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்றே வருகிறது. வெளியேறி மறுபடி லாகின் செய்ததும் திறந்துவிடுகிறது. பலரும் இதை ஏதோ கோளாறு என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். எனக்கோ, இயங்குதளத்தின் உள்வேலை இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் இடம் வேறில்லை என்று தோன்றும்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் அனுமதியைப் பார்க்கும்போது உங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு 0. பல லினக்ஸ் வகைகளில் முதல் சாதாரணப் பயனருக்கு 1000. லாகின் புரோகிராம் ரூட் அதிகாரத்தோடு ஓடுகிறது. நீங்கள் தட்டும் பாஸ்வேர்டின் ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறியீடு), சேமித்து வைத்த ஹாஷோடு பொருந்தினால், உங்களுக்காக ஒரு புரோசஸ், அதாவது ஓடும் புரோகிராம், தயாராகிறது. முதலில் உங்கள் குழு எண்கள் அதில் பதிகின்றன, கடைசியாகப் பயனர் எண். இந்த வரிசை மாறக் கூடாது. பயனர் எண் முதலில் மாறிவிட்டால் ரூட் அதிகாரம் போய்விடும், அப்புறம் குழுக்களைத் தொட முடியாது.

அந்தப் புரோசஸ், நீங்கள் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லாகிறது. அதிலிருந்து பிறக்கும் எடிட்டர், பிரௌசர் எல்லாமே அதே எண்களை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. குழுப் பட்டியலில் இன்று நாம் எழுதியது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ்களை எட்டுவதில்லை. மறுபடி லாகின் செய்யச் சொல்வது இதனால்தான்.

கோப்பின் பக்கம் 9 அனுமதி பிட்கள் இருக்கின்றன: உரிமையாளர், குழு, மற்றவர்கள் என மூவருக்கும் படிக்க, எழுத, இயக்க. கர்னல் இவற்றில் முதலில் பொருந்தும் பிரிவை மட்டுமே பார்க்கும். நீங்கள் உரிமையாளராக இருந்து, உங்களுக்குப் படிக்க அனுமதி இல்லாமல் மற்றவர்களுக்கு இருந்தால், ஊரே படிக்கலாம், உங்களால் முடியாது! இந்தச் சோதனையும் கோப்பைத் திறக்கும்போது மட்டும்தான். திறந்தபின் அனுமதியைப் பறித்தாலும், திறந்து வைத்திருக்கும் புரோகிராம் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கும்.

சரி, சாதாரணப் பயனர் தன் பாஸ்வேர்டை எப்படி மாற்றுகிறார்? ஹாஷ் இருக்கும் கோப்பில் எழுத ரூட்டால்தான் முடியும். இதற்கு, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி ஒரு வழி கண்டார். புரோகிராம் கோப்பில் ஒரு தனி பிட்டை வைத்தால், யார் இயக்கினாலும் அது அந்தக் கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தில் ஓடும். 1973-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1979-இல் கிடைத்தது. அழகான யோசனைதான். ஆனால் ரூட்டுக்குச் சொந்தமான அப்படிப்பட்ட புரோகிராமில் ஒரு பிழை இருந்தால், முழுக் கணினியும் அடுத்தவர் கையில்.

விண்டோஸிலும் இதே கதைதான். லாகினில் உங்கள் அடையாளமும் அதிகாரங்களும் அடங்கிய ஒரு டோக்கன் உருவாகிறது, புரோசஸ்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. விண்டோஸ் விஸ்டா பதிப்பிலிருந்து நிர்வாகிக்கு இரண்டு டோக்கன்கள். அன்றாட வேலை அதிகாரம் குறைந்ததில் நடக்கும். திரையில் கேட்கும் ஒப்புதலைத் தந்தால்தான் முழு டோக்கன் வேலைக்கு வரும்.

எண்களை நம்புவதில் நிர்வாகிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லினக்ஸில் 1001 என்ற பயனரை நீக்கினால், கணினியில் ஆங்காங்கே இருக்கும் அவருடைய கோப்புகளில் அந்த எண் அப்படியே இருக்கும். அடுத்து வருபவருக்கு அதே 1001 கிடைத்தால், பழையவரின் கோப்புகள் எல்லாம் சத்தமில்லாமல் அவருடையதாகிவிடும். அதனால் பயனரை நீக்குவதற்கு முன், அந்த எண்ணில் இருக்கும் கோப்புகளைத் தேடி எடுத்து வேறு உரிமையாளருக்கு மாற்றிவிடுங்கள்.