பிட்டை ராவாதீர்கள்

போன மாதம் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் கடைக்கு வந்தான். பையில் இரண்டு சால்டரிங் அயர்ன்கள், அதாவது ஈயத்தை உருக்கி சர்க்யூட் போர்டில் பாகங்களை ஒட்டும் சூட்டுக்கோல்கள். "அண்ணா, எதிலும் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. நான்கு மாதத்தில் இரண்டு வாங்கிவிட்டேன். நல்ல கம்பெனியாக ஒன்று சொல்லுங்கள்" என்றான்.

மல்டிமீட்டரை பிளக்கின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன். 25 வாட் அயர்ன் நம் 230 வோல்ட்டில் ஓடுவதற்குச் சுமார் 2,100 ஓம் காட்ட வேண்டும். இரண்டுமே காட்டின. செருகினேன், சூடும் ஏறியது. அயர்னில் ஒரு பழுதும் இல்லை. செத்துக் கிடந்தது ஈயத்தைத் தொடும் நுனித் துண்டான பிட் மட்டும்தான். கரிக்கட்டை போலக் கறுத்து, நுனியில் குழி விழுந்து, பக்கவாட்டில் செம்பு தெரிந்தது.

"எதைப் போட்டுத் தேய்த்தாய்?"

"முதலில் உப்புத்தாள். அதில் போகவில்லை என்று அரம்."

பழைய மெக்கானிக் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் காலத்துக்கு அது சரி. அன்றைய பிட்டுகள் வெறும் செம்புக் கம்பி. உருகிய வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நுனியில் பள்ளம் விழும். அரத்தால் ராவிச் சமப்படுத்தி, ஈயம் ஏற்றி, மறுபடி வேலையைத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் பழகினேன்.

இப்போது கிடைக்கும் பெரும்பாலான பிட்டுகள் வேறு. உள்ளே செம்பு, அதன் மேல் இரும்பு முலாம், நுனியை விட்டுப் பின்பக்கம் ஈயம் ஏறிவிடாதபடி குரோமியம். ஈயத்தைப் பிடித்துக்கொள்வது அந்த இரும்பு முலாம்தான். அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அரத்தை நான்கு முறை இழுத்தால் அது போய்விடும். பிறகு ஈயம் உள்ளே இருக்கும் செம்பைத் தின்னத் தொடங்கும். சில நாட்களில் உள்ளே வெற்றிடமாகி, வெறும் ஓடாக பிட் நின்றுவிடும். வெப்பக் கட்டுப்பாடு உள்ள முதல் சால்டரிங் ஸ்டேஷனை நான் வாங்கியபோது, வாங்கிய வாரமே அதன் பிட்டை அழகாக ராவி வைத்தேன். அரை நாள் பளபளத்தது. அதற்குப் பிறகு ஈயம் பிடிக்கவே இல்லை. கடைக்காரரிடம் போய்ச் சண்டை வேறு போட்டேன்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், ஆறிய பிட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் முலாம் பூசியது. அரம் பக்கமே போகக்கூடாது. ஒட்டாமல், சுரண்டினால் செந்நிறம் தெரிந்தால் வெறும் செம்பு; அதைத் தாராளமாக ராவலாம்.

பிட் கறுப்பது துரு ஏறுவதால். சூடான இரும்பு காற்றுப் பட்டால் துருவேறும். துருவில் ஈயம் ஒட்டாது. ஆகவே நுனியை எப்போதும் ஈயப் போர்வைக்குள் வைத்திருக்க வேண்டும். பலரும் செய்வது இதற்கு நேர்எதிர். வேலை முடிந்ததும் ஸ்பாஞ்சில் சுத்தமாகத் துடைத்துவிட்டு அணைக்கிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆறும் வரை அம்மணமாக நிற்கும் இரும்பு முழுவதும் காற்றுப் படும். துடைக்க வேண்டியது அடுத்த இணைப்பைத் தொடுவதற்குச் சற்று முன்பு. ஸ்டாண்டில் வைக்கும் முன்பும் அணைக்கும் முன்பும் நுனியில் ஈயத்தைத் தடவிக் குமிழாக விட்டுவிடுங்கள். ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தால் போதும், நீர் சொட்டக்கூடாது. பித்தளை நார் கிடைத்தால் இன்னும் நல்லது, பிட் திடீரென்று குளிராது.

வெப்பமும் ஒரு காரணம். 63/37 ஈயம், அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது, 183 டிகிரியில் உருகிவிடும். பிட் 320 முதல் 350 டிகிரி வரை இருந்தால் வேலை நடக்கும். ஈயம் ஒட்டவில்லை என்று 450க்குத் திருப்பினால் துரு இன்னும் வேகமாக ஏறும். அதனால் இன்னும் ஒட்டாது. மறுபடி திருப்பத் தோன்றும். காரீயம் கலக்காத ஈயம் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும்; அதில் வெள்ளீயம் கூடுதல் என்பதால் இரும்பு முலாமையும் சீக்கிரம் தின்கிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள 63/37 அல்லது 60/40 கம்பியே போதும்.

முலாம் போகாமல் வெறுமனே கறுத்த பிட்டைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். சூட்டை 300க்கு இறக்கி, ரோசின் (ஈயம் பிடிக்க உதவும் பிசின்) நிறைய வைத்து, புது ஈயத்தில் புரட்டிப் புரட்டிப் பித்தளை நாரில் துடைக்க வேண்டும். பத்து முறை செய்தால் ஓர் ஓரத்தில் வெள்ளி மின்னும், அங்கிருந்து பரவும். அதற்கும் மசியாவிட்டால் நவச்சாரம். தெருவில் "ஈயம் பூசறது" என்று கூவி வந்தவர்களை நினைவிருக்கிறதா? பித்தளை அண்டாவைக் கனலில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, புகை எழும்பும்போது ஈயத்தை வைத்துத் துணியால் ஒரு சுற்று. உள்ளே முழுவதும் வெள்ளையாகிவிடும். அதே நவச்சாரக் கட்டியில் சூடான பிட்டை ஒருமுறை தேய்த்து உடனே ஈயத்தில் முக்கினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். புகை மூக்கை அரிக்கும், ஜன்னல் பக்கம் போய்ச் செய்யுங்கள். பிட்டுக்கு மட்டும்தான், சர்க்யூட் போர்டின் அருகில் நவச்சாரத்தைக் கொண்டுபோனால் அரித்துவிடும்.

ஈயம் பூசுவதைச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். பாத்திரத்தில் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம். நம் கம்பியில் காரீயம் இருக்கிறது. இரண்டுக்கும் வாயில் வருவது ஒரே சொல். ஓட்டையான பாத்திரத்தைச் சால்டரிங் கம்பியால் அடைத்துத் தரும்படி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்களும் அந்த உதவியைச் செய்யாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? எல்இடி, ரெசிஸ்டர், சிறு கிட் என்று தொடங்குகிறவருக்கு ரூ.300 அளவில் கிடைக்கும் 25 வாட் அயர்ன் போதும். சோல்ட்ரான் கம்பெனியுடையது போன்ற, மாற்று பிட் கடையில் தனியாகக் கிடைக்கும் அயர்னாகப் பாருங்கள். பிட் கிடைக்காத அயர்ன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஊசி போன்ற கூம்பு நுனியை விட்டு, 2 மில்லிமீட்டர் அளவுள்ள உளி வடிவ பிட்டைக் கேளுங்கள். கூம்பு நுனி படத்தில் நன்றாக இருக்கும். போர்டுக்குச் சூட்டைச் சரியாகக் கடத்தாது. டயல் வைத்த 60 வாட் அயர்ன்களில் பலவற்றில் அந்த எண்களுக்கு அர்த்தம் கிடையாது; உள்ளே இருப்பது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒன்று, நுனியின் சூட்டை அது அளப்பதே இல்லை. தொடர்ந்து வேலை செய்வீர்கள் என்றால், பணம் சேர்த்து, வெப்பக் கட்டுப்பாடு உள்ள 936 வகை ஸ்டேஷனுக்குப் போவது மேல். அதற்கான 900எம் பிட்டுகள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு முதல் இணையக் கடைகள் வரை எங்கும் கிடைக்கின்றன.

இரண்டு முள் பிளக் உள்ளதை நான் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய அயர்னின் பிட்டில் டெஸ்டரை வைத்தால் சிலவற்றில் மங்கலாக எரியும். உங்களுக்கு ஷாக் அடிக்காமல் போகலாம். மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டரின் கேட் முனைக்கு அந்தக் கசிவே அதிகம். மூன்று முள் அயர்னையும் வாங்கும்போதே மீட்டரால் பாருங்கள். எர்த் முள்ளுக்கும் பிட்டுக்கும் இடையே ஓரிரண்டு ஓம்தான் காட்ட வேண்டும்; மற்ற முட்களுக்கும் பிட்டுக்கும் இடையே எதுவுமே காட்டக்கூடாது. வீட்டுச் சுவர் பிளக்கில் எர்த் கம்பி நிஜமாகவே இருக்கிறதா என்பது வேறு கதை. அதை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

ஈயம் பிடிக்கத் தடவுவதற்குச் சிறு டப்பாவில் வரும் பேஸ்டில் கவனம். அமிலம் கலந்தது தகர வேலைக்கு. போர்டில் போட்டால் அன்று நன்றாக ஒட்டும். சில மாதங்களில் பித்தளையில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு ஏறி, பாகங்களின் கால்கள் அறுந்து என்னிடம் வரும். ரோசின் என்று எழுதியதை வாங்குங்கள்.

வேலை செய்யும்போது மேலே எழும் புகை காரீயப் புகை அல்ல. அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகாது. அது ரோசின் புகை. ஆனாலும் நாள்பட்டால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் புகையை வெளியே இழுக்கும்படி வைத்தால் போதும். காரீயம் உடம்புக்குள் போவது விரல் வழியாக. கை கழுவாமல் வடையை எடுக்காதீர்கள். கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

கடைசியாக மின்வெட்டு. ஒருநாள் மாலை வீட்டில் வேலை நடுவே கரண்ட் போனது. அயர்னை மேசையில் அப்படியே போட்டுவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனேன். கரண்ட் வந்தது எனக்குத் தெரியும். அயர்னுக்கும் வந்தது என்பது நினைவில்லை. திரும்பி வந்தபோது ஸ்க்ரூ டப்பா உருகி மேசையோடு ஒட்டியிருந்தது, மைக்கா ஷீட்டில் ஒரு கை நீளத்துக்குக் கருக்கல். அதற்குப் பிறகு அயர்னையும் மேசை விளக்கையும் ஒரே சுவிட்சில் போட்டுவிட்டேன். மறந்து இறங்கிவந்தாலும், "ஆளில்லாத அறையில் விளக்கு எரிகிறது" என்று வீட்டில் திட்டிக்கொண்டே யாராவது போய் அணைத்துவிடுகிறார்கள்.