புதிய வரி அன்று, வரிமுற்று

"கோப்பின் இறுதியில் புதிய வரி இல்லை." நிதிநிலை அறிக்கைக்கு மறுநாள் நாளிதழில் வர வேண்டிய தலைப்பு இது. ஆனால் இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கருவியின் எச்சரிக்கைக்குத் தமிழ் என்று இதைத்தான் எழுதுகிறார்கள். பலமுறை சிரித்துவிட்டுக் கடந்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு பயிற்சிக் குறிப்பில் "ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் ஒரு புதிய வரி விடவும்" என்று கண்டபோது சிரிப்பு வரவில்லை. அதைப் படித்த மாணவர் ஒருவர், விம் உரைத்திருத்தியில் எல்லாக் கோப்புகளின் அடியிலும் என்டர் விசையைத் தட்டி, தேவையே இல்லாத ஒரு வெற்று வரியைச் சேர்த்து வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தார். சொன்னதுதான் தவறு.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வரி என்றால் கோடு, வரைதலுக்கு உறவு. வரிப்புலியும் வரிக்குதிரையும் அதில் வந்தவை. எழுத்துகள் கோடுபோல் ஓடும் வரிசையும் வரி, அரசுக்குக் கட்டுவதும் வரி. "புதிய வரி" என்று மொழிபெயர்க்கப்படும் நியூலைன் என்பதோ, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 10ஆம் எண்ணில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. தொலையச்சுப் பொறிகளில் ஒரு வரி முடிந்தால் இரண்டு கட்டளைகள் வேண்டும்: அச்சுமுனையை இடக்கோடிக்குக் கொண்டுபோக 13, தாளை ஒரு வரி மேலே தள்ள 10. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மணி அடித்ததும் நெம்புகோலைத் தள்ளியவர்களுக்கு இரண்டும் சேர்ந்து நடந்தது நினைவிருக்கும். மல்டிக்ஸ் இயங்குதளம் 10 மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டது, யூனிக்ஸ் அதைப் பின்பற்றியது. டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன.

இப்போது கேள்வி: அந்தக் குறி வரியை முடிக்கிறதா, இரண்டு வரிகளைப் பிரிக்கிறதா? தமிழ் படித்தவருக்கு இது புதிதன்று. முற்றுப்புள்ளி ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வரும், கடைசி வாக்கியத்துக்கும் வரும். காற்புள்ளி இரண்டு பெயர்களுக்கு நடுவில் வரும், கடைசிப் பெயருக்குப் பின் வராது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை இதில் தெளிவாக இருக்கிறது: சுழியமோ அதற்கு மேலோ எழுத்துகளும், அவற்றை முடிக்கும் ஒரு குறியும் சேர்ந்ததே வரி. அந்தக் குறி இல்லாவிட்டால் அது முழுமையான வரியே இல்லை. ஆகவே அது முற்றுப்புள்ளி வகை. 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரநிலையும், வெறுமையாக இல்லாத எந்த நிரல் கோப்பும் இந்தக் குறியில்தான் முடிய வேண்டும் என்றது.

எல்லா உரைத்திருத்திகளும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. வீஐ என்ற பழைய திருத்தியின் மரபில் வந்த விம், சேமிக்கும்போது கடைசிக் குறியைத் தானே போட்டுவிடும். போட்டதைத் திரையில் காட்டாது. விஎஸ் கோடு என்ற இன்னொரு திருத்தி தானாகப் போடாது. குறி இருந்தாலோ அதன் கீழே எண்ணிட்ட வெற்று வரி ஒன்றைக் காட்டும். சுத்தம் விரும்பும் ஒருவர் அந்த வெற்று வரியை அழிப்பார். மறுநாள் விம் வைத்திருப்பவர் அதே கோப்பைத் திறந்து சேமிப்பார், குறி திரும்பி வரும். இருவரும் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை என்று சாதிப்பார்கள். விண்டோஸின் நோட்பேடு இன்னொரு பிடிவாதக்காரர். 2018 வரை 10ஐ மட்டும் கண்டால் வரியே முடியவில்லை என்று கோப்பு முழுவதையும் ஒரே வரியாக ஓட்டியது.

"புதிய வரி" என்ற ஆக்கம் பொருந்துவது அந்த வெற்று வரிக் காட்சிக்குத்தான். திரையில் தோன்றுவதைப் பார்த்துப் பெயர் வைத்தது போலிருக்கிறது. ஆங்கிலப் பெயரே அப்படித்தானே என்பார்கள். ஆங்கிலம் சறுக்கிய இடத்தில் நாமும் சறுக்கத்தான் வேண்டுமா? விம் தன் சொந்தச் செய்தியில் இந்தக் குறியை வரியின் முடிவு என்றுதான் அழைக்கிறது. ஒருங்குறியோ வரிகளைப் பிரிப்பதற்கென்றே 2028 என்ற பதினறும எண்ணில் வேறொரு குறியை ஒதுக்கியிருக்கிறது. பிரிப்பதும் முடிப்பதும் வேறு என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

"வரிமுறிவு" என்று எழுதுவோரும் உண்டு. எலும்பு முறிந்தால் இரண்டு துண்டு இருக்கும். கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு எந்தத் துண்டு இருக்கிறது? "வரிமுடிவு" பரவாயில்லை, ஆனால் அது இடத்தின் பெயர். நமக்கு வேண்டியது குறியின் பெயர். லைன் ஃபீட் எனப்படும் தாள் தள்ளும் கட்டளைக்கு "வரி ஊட்டம்" என்று எழுதுவோரிடம் எனக்குப் பேச்சில்லை. குழந்தைக்கு ஊட்டலாம், வரிக்கு எதை ஊட்டுவது? மென்பொருளின் சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்றொடர்களை, மொழிபெயர்ப்பாளர்களிடம் வரிசையாகக் கொட்டிக் கொடுக்கிறார்கள், அவர்களும் எந்தத் திரையில் எதற்காக வரும் என்று பாராமலே மொழிபெயர்த்துத் தள்ளுகிறார்கள்.

என் பரிந்துரை வரிமுற்று. முற்றுப்புள்ளியும் வினைமுற்றும் தெரிந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. புதிய வரி என்ற தொடரை விரட்டவும் வேண்டாம்: விம்மில் ஓ விசையை அழுத்தினால் கீழே உண்மையிலேயே புதிய வரி திறக்கிறது, அங்கே அது சரி.

இந்தக் குறி இல்லாததன் விலையை நானும் கொடுத்திருக்கிறேன். 41 கலைச்சொற்கள் கொண்ட பட்டியலை, வரிகளை எண்ணிச் சொல்லும் டபிள்யூ.சி. கட்டளையிடம் கொடுத்தேன், 40 என்றது. அது எண்ணுவது வரிமுற்றுகளை. வரி வரியாகப் படிக்க நான் எழுதிய சிறு நிரலும் கடைசிச் சொல்லைப் படித்துவிட்டுக் கணக்கில் சேர்க்காமல் நின்றது. அன்று டிஃப் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "கடைசி வரிக்கு வரிமுற்று இல்லை."