கவிழ்த்த கிண்ணத்துக்குள் ஏன் 'இன்' நுழைவதில்லை?

"காரில் உட்கார்ந்தால் 'இன் த கார்', பஸ்ஸில் உட்கார்ந்தால் 'ஆன் த பஸ்'. இரண்டுக்கும் கூரை உண்டு, கதவு உண்டு. பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் இதற்குப் பட்டியல் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. விளக்கத்துக்கு உளவியல் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

பள்ளியில் படித்ததை முதலில் சட்டென்று தாண்டிவிடுவோம். தமிழில் வேற்றுமை உருபும் சொல்லுருபும் பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் ப்ரெபொசிஷன் பெயருக்கு முன்னால் நிற்கும். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் நம் கட்சி; செயப்படுபொருளுக்கு முன்பே வினையைச் சொல்லிவிடும் மொழிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் கட்சி. 1963-இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு இதைக் காட்டினார். இந்த இடமாற்றம் நமக்குப் பெரிய தொல்லையே இல்லை. 'டேபிள் ஆன்' என்று யாரும் உளறுவதில்லை.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியில் பேனா, சுவரில் படம், வாசலில் ஆள்: தமிழுக்கு ஒரே 'இல்' போதும். இடம் இது என்று சொல்லிவிட்டு, எப்படி இருக்கிறது என்பதைக் கேட்பவரின் பொது அறிவுக்கு விட்டுவிடும். தேவைப்பட்டால் 'உள்ளே', 'மேலே' என்று சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. இன், ஆன், அட் மூன்றில் ஒன்றைப் பிடித்தால்தான் வாக்கியம் நகரும்.

எதை வைத்துப் பிடிப்பது? 'அட்' புள்ளி, 'ஆன்' பரப்பு, 'இன்' அடைப்பு என்று வகுப்பில் வடிவியல் சொல்லித் தருவார்கள். பாதி தூரம் அது ஓடும். மீதிப் பாதியில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது.

ஒரு கிண்ணத்தில் பந்து கிடக்கிறது. 'இன் த போல்', சந்தேகமே இல்லை. அதே கிண்ணத்தைக் கவிழ்த்துப் பந்தை மூடுங்கள். பந்தைச் சுற்றி அதே சுவர், அதே குழிவு. முன்பைவிட நன்றாகவே அடைபட்டிருக்கிறது. ஆனாலும் ஆங்கிலக்காரர் இதை 'அண்டர் த போல்' என்பார். இனி கிண்ணத்தை நிமிர்த்தி, விளிம்பையும் தாண்டிப் பந்துகளைக் குவியுங்கள். உச்சியில் இருக்கும் பந்தைச் சுற்றிக் கிண்ணத்தின் சுவர் எதுவுமே இல்லை. அது மட்டும் 'இன் த போல்'!

வடிவியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இயற்பியலைக் கூப்பிட்டால் முடிச்சு அவிழ்கிறது. நிமிர்ந்த கிண்ணத்தை எங்கே எடுத்துப்போனாலும் உச்சிப் பந்து கூடவே வரும். கவிழ்ந்த கிண்ணத்தைத் தூக்கினால் பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கும். பந்து எங்கே இருக்க வேண்டும் என்பது கிண்ணத்தின் பிடியில் இருக்கிறதா? 'இன்' உள்ளுக்குள் கேட்பது இதைத்தான்.

இதை ஊகமாக விட்டுவிடவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சைமன் காரட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், குவிந்த பந்துகளில் ஒன்றை மேலிருந்து ஒரு நூல் பிடித்திருப்பதாகக் காட்டினார்கள். பந்தும் கிண்ணமும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. ஆனால் 'இன்' என்று சொல்வதில் மக்களுக்கு இருந்த உறுதி குறைந்தது. பிடி நூலின் கைக்குப் போய்விட்டதல்லவா! ஒரு நூல் இலக்கணத்தை அசைத்துவிட்டது என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வரும்.

'ஓவர்', 'அபவ்' இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதற்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. உளவியலாளர் கென்னி கவென்ட்ரி குழுவினர் 2001-இல் குடை பிடித்த மனிதரின் படங்களைக் காட்டினார்கள். குடை மழையைத் தடுக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து 'ஓவர்' ஏற்றம் இறக்கம் கண்டது. 'அபவ்' குடை நேர்மேலே இருக்கிறதா என்பதில்தான் அதிகக் கவனம் வைத்தது.

வாசகரின் பஸ்ஸுக்கு வருவோம். 'ஆன்' என்றால் தாங்குதல். பஸ், ரயில், கப்பல் எல்லாம் நம்மைத் தாங்கிக்கொண்டு பயணம் போகும் மேடைகள்; ஏறி, நின்று, நடக்கலாம். காருக்குள் நாம் அடைபட்டு உட்காருகிறோம். ஓட்டமில்லாமல் கைவிடப்பட்ட பஸ்ஸில் பிள்ளைகள் விளையாடினால் ஆங்கிலக்காரர்களே 'இன் த பஸ்' என்பார்கள். பயணம் போனதும் 'ஆன்' இறங்கிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத விஷயங்களிலும் இந்தப் பிடியைப் பார்க்கலாம். கடன், சிக்கல், காதல் மூன்றுக்கும் 'இன்'; நினைத்தவுடன் வெளியே வர முடியாதவை. 'டிபெண்ட்', 'ரிலை' இரண்டுக்கும் 'ஆன்'. ஒருவர் தாங்க, மற்றவர் சாய்கிறார். 'த்ரோ அட்' என்றால் ஆளைக் குறிவைத்து எறிவது, 'த்ரோ டு' என்றால் பிடிக்கட்டும் என்று போடுவது. எல்லாவற்றுக்கும் இப்படிக் காரணம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். வார இறுதிக்கு பிரிட்டிஷார் 'அட்' போடுகிறார்கள், அமெரிக்கர்கள் 'ஆன்' போடுகிறார்கள். அங்கே காரணம் தேடுவது வீண், மனப்பாடம்தான் வழி. பட்டியலை அந்த மிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே 50 விதிகளை எழுதிப்போடும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வயதாகிவிட்டால் இதெல்லாம் மண்டையில் ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு கொரிய உதாரணம். கொரிய மொழியில் 'உள்ளே', 'மேலே' என்பதைவிட, இறுக்கமாகப் பொருந்துகிறதா, தளர்வாகக் கிடக்கிறதா என்பதற்கே வினைச்சொல் மாறும். விரலில் மோதிரம் போட்டாலும் உறைக்குள் கேசட்டைச் செருகினாலும் ஒரே வினைதான். ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் இந்த இறுக்கத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 5 மாதக் குழந்தைகள் அதைக் கவனிக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் சூசன் ஹெஸ்போஸும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2004-இல் காட்டினார்கள். ஆக, பேச்சு வரும் முன்பே நாம் கவனித்தவற்றில் சிலவற்றை நம் மொழி கேட்காமல் விட்டிருக்கிறது. ப்ரெபொசிஷன் படிக்கும்போது அந்தப் பழைய கவனத்தை மறுபடி எழுப்புகிறோம் என்பது என் எண்ணம்.

தமிழ் பேசுவோரிடமும் இதே கிண்ணச் சோதனையை விரிவாகச் செய்து பார்க்க ஆசை. மொழிப் பெருமை பேசும் மேடைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு துளி போதும். வேண்டியது ஒரு கிண்ணம், சில பந்துகள், கொஞ்சம் நூல், பொறுமையாகப் பதில் சொல்ல ஆட்கள். உச்சிப் பந்தை எத்தனை பேர் 'கிண்ணத்தில்' என்பார்கள், நூல் கட்டியதும் அவர்களில் எத்தனை பேர் 'கிண்ணத்துக்கு மேலே' என்று மாறுவார்கள்?